இலவசத் தடுப்பூசி பெண்கள் வளர்க்கும் ஆடு, கோழிகளுக்கு ஏன் வந்து சேர்வதில்லை?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கோழிக்கும் ஆட்டுக்கும் அரசு தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறது, இருந்தும் உங்கள் மகளிர் குழு உறுப்பினர்களின் நாட்டுக்கோழிகள் கோடைதோறும் வெள்ளைக்கழிச்சலில் மொத்தமாகப் போய்விடுகின்றன, சென்ற ஆண்டு ஆடுகளும் செத்தன, மருந்தகத்தில் கேட்டால் முகாம் நடக்கும்போது வரச் சொல்கிறார்கள், முகாம் நடந்ததோ முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. குழுவில் ஒருவர் ஊசி போடக் கற்றுக்கொள்ளலாமா, மருந்தை வாங்கி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்பவை உங்கள் துணைக் கேள்விகள். மருந்து பலன் தருமா என்ற ஐயம் உங்களுக்கு இல்லை. மருந்தகம் வரை வந்துவிட்ட மருந்து, அங்கிருந்து உங்கள் பஞ்சாரம் (கோழிகளை அடைக்கும் கூடை) வரை ஏன் வருவதில்லை என்பதுதான் நீங்கள் கேட்பது. நான் தென் மாவட்டங்களில் கால்நடை உதவி மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நோயையும் மருந்தையும் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பெண்களின் உழைப்பு, வீட்டுக்குள் முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றை முறையாக ஆய்வு செய்தவன் அல்லன். அவற்றில் என் கருத்து களத்தில் பார்த்ததன் அளவே.

முதலில் ஐயமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய், தடுப்பூசி போடாத கோழிகளிடையே புகுந்தால் பத்தில் எட்டு, ஒன்பது கோழிகளைக் கொன்றுவிடும். வந்த பிறகு அதற்குச் சிகிச்சை இல்லை. ஆனால் தடுப்பதற்கு மலிவான, நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் மருந்து உண்டு. குஞ்சு பொரித்து ஒரு வாரத்துக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரம் கடந்ததும் இறக்கையில் ஊசி என்பது வழக்கமான முறை. அந்த ஊசி மருந்து இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் அரசு கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது. ஆடுகளுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோய், அதாவது பி.பி.ஆர்., இந்தியாவில் முதன்முதலாக 1987ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டதே நம் விழுப்புரம் பகுதியில் உள்ள அரசூரில்தான். வாய்ப்புண், மூக்கொழுகல், நாற்றமடிக்கும் கழிச்சல் என்று தொடங்கி ஒரு வாரத்தில் பட்டியையே காலி செய்யக்கூடிய இந்த நோய்க்கு ஒரே ஒரு ஊசி குறைந்தது மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் தரும். இந்த நோயை 2030ஆம் ஆண்டுக்குள் உலகிலிருந்தே ஒழிக்கும் திட்டம் 2015இல் அறிவிக்கப்பட்டது. மாடுகளின் வெக்கை நோயை 2011இல் ஒழித்துக் காட்டியிருக்கிறோம் என்பதால் அதை வெறும் கனவு என்று தள்ளிவிட முடியாது.

மருந்து இவ்வளவு நன்றாக இருந்தும் தடை எங்கே இருக்கிறது? தடுப்பூசி ஏற்பாடு முழுவதும் கட்டிப்போட்ட மாட்டை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டிருக்கிறது என்பது என் கணிப்பு. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கீடு. கோமாரிக்கு ஆண்டுக்கு இரண்டு சுற்று ஊசி. ஒவ்வொரு மாட்டின் காதிலும் 12 இலக்க எண் கொண்ட வில்லை. மாடு தொழுவத்தில் நிற்கும், உரிமையாளரின் பெயர் பால் சங்கத்தில் இருக்கும், எந்தத் தெருவில் எத்தனை மாடு என்பது கால்நடை ஆய்வாளருக்குத் தெரிந்திருக்கும். எனவே அவர் காலையில் ஒரு தெருவை எடுத்து மதியத்துக்குள் முடித்துவிடுவார். ஆடும் கோழியும் அப்படியல்ல. அவை நடமாடுபவை, எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் மாறும், பெரும்பாலான வீடுகளில் அவற்றைப் பார்த்துக்கொள்பவர் பெண். அரசுக்கு இது தெரியாததல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம், பின்னர் வந்த ஆதரவற்ற பெண்களுக்கான ஐந்து ஆடுகள் திட்டம், ஊரகப் பெண்களுக்கான நாட்டுக்கோழிக் குஞ்சுத் திட்டம் எல்லாமே பயனாளியைப் பெண்ணாகவே வைத்தன. கால்நடையைப் பெண்ணின் பெயரில் கொடுத்த அதே அரசு, தடுப்பூசியின் நேரத்தையும் இடத்தையும் அவளைக் கேட்டு வைக்கவில்லை.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேச்சளவில் இது சிறிய விஷயமாகத் தோன்றும். முகாம் வழக்கமாகக் காலை ஒன்பதரை, பத்து மணிக்கு ஊராட்சி அலுவலகத்தின் முன்போ ஆலமரத்தடியிலோ தொடங்கும். அந்த நேரத்தில் கோழிகள் வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் மேய்ந்துகொண்டிருக்கும். ஒன்றைத் துரத்திப் பிடிப்பதற்குள் மற்றவை பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். வெள்ளாடுகள் கொட்டிலைவிட்டுக் கிளம்பியிருக்கும். அவற்றின் உரிமையாளரோ நூறு நாள் வேலையில் இருப்பார். அங்கே காலையிலும் பிற்பகலிலும் புகைப்படம் எடுத்து வருகை பதிவதால், இடையில் வந்துபோனால் அன்றைய கூலிக்கே ஆபத்து. ஆறு கோழிகளைக் காப்பாற்ற ஒரு நாள் கூலியை இழப்பதா என்று ஒரு பெண் கணக்குப் பார்த்து வராமல் இருந்தால் அதை அறியாமை என்று குறை சொல்ல எனக்கு மனம் வராது. இதே கோழிகள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பஞ்சாரத்துக்குள் இருக்கும். பஞ்சாரத்தை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடுத்தால், பழகிய கை ஒரு வீட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். ஆடுகளுக்கு மாலை ஆறு மணிக்கு மேல், பட்டிக்குத் திரும்பியபின் போடலாம். அல்லது காலை ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். அலுவலக நேரத்துக்கு வெளியே வரும்படி கேட்பது ஊழியருக்குச் சுமை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுமை ஒரு கிராமத்துக்கு ஆண்டில் சில நாள்கள் மட்டுமே. வெயிலுக்கு முன்பே வேலை முடிவதால் மருந்தும் கெடாது என்பதை எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்தது குப்பியின் அளவு. என் கணிப்பில் உங்கள் மருந்தகம் உங்களைத் திருப்பி அனுப்பியதற்கு உண்மைக் காரணம் இதுதான், சொல்லத்தான் மாட்டார்கள். கோழி மருந்து பெரும்பாலும் நூறு டோஸ், அதற்கும் மேல் கொண்ட குப்பிகளில் உறையவைத்து உலர்த்திய தூளாக வருகிறது. ஆட்டுக்கொல்லி ஊசியும் இப்படித்தான். தூளைக் கரைசலில் கலக்கும்வரை குளிரில் மாதக்கணக்கில் இருக்கும். கலந்துவிட்டாலோ பனிக்கட்டியின் மேல் வைத்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க முடியாது. ஒரு பெண் கூடையில் ஆறு கோழிகளுடன் வந்தால் மருத்துவர் நூறு டோஸ் குப்பியை உடைத்துத் தொண்ணூற்று நான்கை வீணாக்க வேண்டும். மாத இறுதியில் அந்த வீணடிப்புக்குக் கணக்கும் சொல்ல வேண்டும். ஆகவே அவர் முகாமைக் காரணம் காட்டுகிறார். ஆயிரம் கோழி வைத்திருக்கும் பண்ணைக்காரருக்கு இந்தச் சிக்கலே இல்லை. சிறிய குப்பிகளைத் தயாரிக்க வேண்டும் என்று பல காலமாகப் பேசப்படுகிறது, டோஸுக்கான விலை கூடும் என்பதால் அது மெதுவாகத்தான் நடக்கும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி. உங்கள் குழுவில் பதினைந்து பேர், ஆளுக்கு ஏழு கோழிகள் என்று வைத்துக்கொண்டாலே ஒரு குப்பி காலி. சேமிப்புக்காகக் கூடும் குழு, குப்பிக்காகவும் கூடினால் மருத்துவரிடம் மறுக்கக் காரணம் இருக்காது. தனித்தனியாகப் போகாமல், இன்ன நாளில் இன்ன தெருவில் இத்தனை கோழிகள், இத்தனை ஆடுகள் தயாராக இருக்கும் என்று எண்ணிக்கையுடன் போங்கள்.

கோழியின் வயதும் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டில் பிப்ரவரியில் நடக்கும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நல்ல ஏற்பாடு. கோடையில் நோய் தலையெடுப்பதற்கு முன்பே வருகிறது. ஆனால் வீட்டுக்கோழிகள் பண்ணைக் கோழிகளைப் போல ஒரே நாளில் பொரித்தவை அல்ல. ஒரு கோழி அடையில் இருக்கும், இன்னொன்று குஞ்சுகளோடு திரியும், மற்றொன்று விடலைப் பருவத்தில் இருக்கும். பிப்ரவரியில் எட்டு வாரம் நிரம்பாத குஞ்சுகளுக்கு அந்த ஊசி போடக்கூடாது. போட்டால் ஊசியே அவற்றை நோயில் தள்ளிவிடக்கூடும். மார்ச்சில் பொரித்தவை அந்த ஆண்டு முழுக்கவே விடுபடும். எனவே ஆண்டுக்கு ஒரு முகாமை மட்டும் நம்பினால் எப்போதும் பாதிக் கோழிகள் பாதுகாப்பில்லாமல்தான் இருக்கும். மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகள் இதை வேறு விதமாகத் தீர்த்தன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஐ-2 என்னும் வெப்பம் தாங்கும் மருந்தை, எந்த வயதுக் கோழிக்கும் கண்ணில் ஒரு சொட்டு என்ற முறையில், நான்கு மாதத்துக்கு ஒரு முறை, பெண்களும் அடங்கிய கிராமத் தடுப்பூசியாளர்களைக் கொண்டு, கோழிக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கிப் போட்டார்கள். மருந்தின் பெயரை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான்கு மாத இடைவெளியையும், வயது பாராத கண்சொட்டு முறையையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்; நம்மிடம் உள்ள எஃப் அல்லது லசோட்டா சொட்டு மருந்தே அதற்குப் போதும். பல மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து தரும் வழக்கம் உண்டு. உங்கள் ஊர் மருந்தகத்தில் அது நடக்கிறதா என்று கேட்டு, பிப்ரவரி முகாமோடு ஜூன், அக்டோபர் மாதங்களில் ஒரு சனிக்கிழமையைச் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய அதே இடைவெளி கிடைத்துவிடும்.

ஆடுகளுக்கு ஊசியின் பலன் மூன்று ஆண்டு இருந்தாலும் பட்டியில் ஆடுகள் அவ்வளவு காலம் இருப்பதில்லை. கிடாக்குட்டிகள் ஓராண்டில் சந்தைக்குப் போகும். அதற்குள் புதுக்குட்டிகள் பிறந்திருக்கும். எனவே நான்கு மாதம் கடந்த குட்டிகளை மட்டும் கணக்கெடுத்து ஆண்டுதோறும் போடுவது போதுமானது. அதைவிட முக்கியம், சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே பட்டியில் சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டி வைப்பது. தீபாவளி, பக்ரீத் சந்தைகளுக்குப் பிறகு நோய் கிளம்புவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் குழுவில் சிலர் ஊசி போட்டதால்தான் கோழி செத்தது என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதை ஒதுக்கிவிடக் கூடாது, அவர்கள் பார்த்தது பொய்யும் அல்ல. ஊரில் நோய் நுழைந்த பிறகு பயந்துபோய் ஊசி போடும்போது, ஏற்கெனவே கிருமி புகுந்து இன்னும் அறிகுறி காட்டாத கோழிகள் அடுத்த சில நாளில் செத்துவிழும்; பார்ப்பவர்களுக்கு ஊசிதான் காரணமாகத் தெரியும். குடற்புழுவால் நலிந்த கோழிகளும், மேலே சொன்னபடி வயது நிரம்பாத குஞ்சுகளும் ஊசியைத் தாங்காமல் போவதுண்டு. ஆகவே ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும், நோய் வந்த தெருவில் அவசரப்பட்டுப் போடாமல் நோய் வராத தெருக்களில் முதலில் போடுவதும் நடைமுறையில் உதவும். கோமாரி ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அடுத்த சுற்றில் மாட்டை ஒளித்து வைக்கமாட்டார்கள். சினை ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி மருந்தால் தீங்கில்லை. நிறைசினையாக இருந்தால் பிடித்து மடக்கும்போது வயிற்றில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

குழுவில் ஒருவர் ஊசி போடலாமா என்ற கேள்விக்குச் சட்டத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரைத் தவிர வேறெவரும் கால்நடை மருத்துவம் செய்யக்கூடாது என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, உரிய சான்றிதழ் பெற்றவர்கள் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு கால்நடை மருத்துவப் பணிகளைச் செய்ய மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம் என்கிறது. அந்தச் சிறு பணிகளுக்கு எடுத்துக்காட்டாகத் தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. சான்றிதழும் மேற்பார்வையும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்பதே இதன் பொருள். ஜார்க்கண்ட், பீகார், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் சுய உதவிக் குழுப் பெண்களைப் ‘பசு சகி’ (கால்நடைத் தோழி) என்ற பெயரில் பயிற்றுவித்தார்கள். 2022இல் ஒன்றிய அரசின் கால்நடைத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து அவர்களுக்கு அங்கீகாரம் தரும் ஏ-ஹெல்ப் திட்டத்தைத் தொடங்கின. அவர்கள் செய்யும் பணிகளில் முதன்மையானவை கணக்கெடுப்பு, முகாமுக்கு ஆள் திரட்டுதல், குடற்புழு நீக்கம், தடுப்பூசி ஊழியருக்கு உதவுதல்.

எந்த மருந்தை யார் தொடலாம் என்பதில் நான் கண்டிப்பானவன். கோழிக்குக் கண்சொட்டு மருந்தை ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். கை கழுவாமல் கண்ணைக் கசக்கினால் போடுபவருக்குக் கண் சிவந்து எரிச்சல் வரும், அதற்கு மேல் ஆபத்தில்லை. ஆட்டுக்கொல்லி ஊசியைத் துறை ஊழியரின் முன்னிலையில், பயிற்சி பெற்றவர் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியை, அதாவது புருசெல்லோசிஸ் ஊசியை, குழுப் பெண்கள் எந்தக் காரணத்துக்காகவும் கையாளக்கூடாது. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசி விரலில் குத்தினாலோ மருந்து கண்ணில் தெறித்தாலோ மனிதருக்கு நீண்ட காய்ச்சலும் மூட்டுவலியும் வரக்கூடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்த துறை ஊழியர் மட்டுமே போட வேண்டும். கன்றைப் பிடித்துக்கொடுக்கக்கூடக் கருவுற்ற பெண்கள் வர வேண்டாம்.

இனி, ஐயத்துக்கு இடமுள்ள பகுதிக்கு வருகிறேன். கிராமப் பெண் தடுப்பூசியாளர் முறை திட்டப்பணம் இருக்கும்வரை நன்றாக நடக்கிறது. பணம் நின்ற பிறகு அதே வேகத்தில் நடக்குமா என்பதில் துறை சார்ந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆப்பிரிக்காவில் கட்டணம் இருந்ததால்தான் நீடித்தது என்கிறார்கள் ஒரு சாரார். கட்டணம் வைத்தால் மிக ஏழையான பெண்தான் முதலில் விலகுவார் என்கிறார்கள் மற்றவர்கள். நம் மாநிலத்தில் மருந்து இலவசமாகவே இருக்க வேண்டும், ஆனால் விடியற்காலையில் வீடு வீடாக வரும் பெண்ணுக்குக் கோழிக்கு ஓரிரண்டு ரூபாய் நடைக்கூலியைக் குழுவே கொடுப்பதில் தவறில்லை என்பது என் நிலைப்பாடு. கூலி இல்லாத சேவையை இரண்டாம் ஆண்டில் யாரும் செய்வதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணை வடிவ வாய்வழி மருந்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தீவனத்தைப் போலத் தின்னக் கொடுத்துவிடலாம், பிடிக்க வேண்டியதில்லை என்பதால் பெண்களுக்கு மிகவும் தோதானது. ஆனால் வாய்வழி மருந்துகளுக்குப் பொதுவாக உள்ள குறை இதற்கும் உண்டு: கூட்டத்தில் பலமுள்ள கோழி அதிகம் தின்னும், ஒதுங்கி நிற்கும் கோழிக்குக் கிடைக்காது, ஆகவே பாதுகாப்பு ஒரே சீராக அமையாது. ஊசி போட வழியே இல்லாத இடத்தில் இதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்; வழியிருந்தால் சொட்டும் ஊசியுமே என் முதல் தேர்வு.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மாட்டுக்குக் காது வில்லை போடும்போது உரிமையாளர் என்று யார் பெயரும் கைபேசி எண்ணும் பதிவாகின்றன என்று பாருங்கள். பால் கறப்பதும் சாணி அள்ளுவதும் மனைவி. பதிவில் இருப்பதோ வேலைக்காகத் திருப்பூரில் இருக்கும் கணவரின் எண். அடுத்த சுற்றுக்கான தகவல் அங்கே போய்விடுகிறது. வில்லை போடும் அன்றே மாட்டைப் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள் என்று குழுக் கூட்டத்தில் சொல்லிவிட்டால் போதும். அதற்குத் தனி மனு வேண்டியதில்லை.

முதல் வேலையாக, அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு நோட்டில் வீடுவாரியாகக் கோழிகள் (எட்டு வாரத்துக்கு மேல், கீழ் என்று தனித்தனியாக), ஆடுகள், நான்கு மாதம் கடந்த குட்டிகள், கடைசியாக ஊசி போட்ட மாதம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அதன் நகலோடு ஜனவரி முதல் வாரத்தில் கால்நடை உதவி மருத்துவரை நேரில் பார்த்து, காலை ஐந்தரை முதல் ஏழரைக்குள் உங்கள் தெருவுக்கு ஒரு நாள் ஒதுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மனுவின் ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆடுகள் திடீரென நோயுற்றால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும், ஆனால் அது சிகிச்சைக்கானது, தடுப்பூசிக்காக அதை எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பொறுத்தவரை, இந்த மருந்துகளுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலை இடைவிடாமல் தேவை. அடிக்கடி திறந்து மூடும் பெட்டியிலும், கதவு அடுக்கிலும், மின்வெட்டு நீளும் ஊரிலும் அது நிற்காது. கெட்டுப்போன மருந்து பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும். போடும் நாளன்று காலையில் மருந்தகத்திலிருந்து பனிக்கட்டி வைத்த தெர்மாக்கோல் பெட்டியில் எடுத்துவருவதே சரி. முதல்நாள் மாலையே வாங்கிவைக்க நேர்ந்தால், பெட்டியின் நடு அடுக்கில் காய்கறிகளிலிருந்து விலக்கி ஒரு மூடிய டப்பாவுக்குள் ஓர் இரவு மட்டும் வைக்கலாம்.